வேட்டைத் துப்பாக்கியும் தோட்டாவும் சுடும் தொலைவும்: பம்பாய் மாகாணத்தில் மான், பன்றி வேட்டை

மான், காட்டுப்பன்றி ஆகியவற்றை எந்தத் துப்பாக்கியால், எந்தத் தோட்டாவைக் கொண்டு, எவ்வளவு தொலைவிலிருந்து சுடலாம் என்னும் அறிவு பம்பாய் மாகாணத்தில் ஏறத்தாழ நூறாண்டுக் காலத்தில் உருவாயிற்று. காட்டின் அமைப்பு, விலங்கின் உடலமைப்பு, படைக்கலச் சட்டம் ஆகிய மூன்றும் சேர்ந்து அதை வடிவமைத்தன. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும், உரிமம் பெற்ற வேட்டைக்கு எஞ்சியிருந்த இடத்தையும் நீக்கிய 1991ஆம் ஆண்டுத் திருத்தமும் வந்தபின், பொழுதுபோக்கு வேட்டை இந்தியாவில் குற்றமாகும். ஆயினும் பயிரை அழிக்கும் பன்றியை அரசின் ஆணைப்படி சுடும் இடங்களில் இன்றும் இவ்வறிவு தேவைப்படுகிறது. அது இல்லாதவர் கையில் ஆணை கிடைக்கும்போது விலங்கு காயத்தோடு ஓடி, நாட்கணக்கில் துன்புற்றுச் சாகிறது.

இவ்வறிவின் பெரும்பகுதி பதிவானது மும்பை நகரில்தான். 1883 செப்டம்பர் 15 அன்று எட்டுப் பேர் கூடித் தொடங்கிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் தொடக்க கால உறுப்பினரில் பலர் வேட்டைக்காரர்களாகவே இருந்தனர். ஃபிப்சன் என்னும் மது வணிகர் தம் கடையில் அளித்த இடத்தில் சில காலம் இயங்கிய அக்கழகம் 1886 முதல் வெளியிட்டுவரும் ஆய்விதழில், பறவை, பாம்பு, பூச்சி பற்றிய கட்டுரைகளோடு கொம்பளவுகளும் சுட்ட விலங்குகளின் எடைகளும் குண்டுகளின் செயல்பாடு பற்றிய விவாதங்களும் இடம்பெற்றன. பின்னாளில் பறவையியல் அறிஞராகப் புகழ்பெற்ற சாலிம் அலி, சிறுவனாக இருந்தபோது காற்றுத் துப்பாக்கியால் வீழ்த்திய மஞ்சள் தொண்டைச் சிட்டை அடையாளம் காண்பதற்காக 1908இல் அக்கழகத்தின் செயலாளர் மில்லார்டிடம் எடுத்துச் சென்றார் என்பது பலரும் அறிந்த செய்தி. வேட்டையும் விலங்கியலும் ஒரே கூரையின்கீழ் இருந்த காலம் அது. அவ்விதழின் ஆசிரியர் பொறுப்பை வகித்த பிரேட்டர் 1930களில் இந்திய விலங்குகளின் பாதுகாப்புக் குறித்துத் தொடர் எழுதினார். அதிலிருந்து வளர்ந்த அவரது இந்திய விலங்குகள் பற்றிய நூல் 1948இல் வெளிவந்தது.

நிலமும் தொலைவும்

பம்பாய் மாகாணம் ஒரே வகை நிலமன்று. தானே மாவட்டக் காடுகளிலிருந்து தெற்கே வட கன்னடம் வரை நீளும் சகியாத்திரி மலைச்சரிவுகளில் மரமும் மூங்கிலும் புதரும் அடர்ந்திருப்பதால், கடமானோ புள்ளிமானோ கேளையாடோ கண்ணில் படுவது பெரும்பாலும் 30 முதல் 70 மீட்டர் தொலைவுக்குள்தான்; அதுவும் உடலின் ஒரு பகுதி மட்டுமே இலைகளுக்கிடையே தெரியும். மலையைத் தாண்டிக் கிழக்கே தக்காணப் பீடபூமிக்குள் இறங்கினால் சோளக் கொல்லைகளும் முட்புதர் நிறைந்த தரிசுகளும் விரிகின்றன. அங்கே வெளிமானும் சிங்காராவும் மனிதனை வெகு தொலைவிலேயே கண்டுகொள்வதால் 150 மீட்டருக்கும் அப்பால் சுட வேண்டிய நிலை ஏற்பட்டது. இவ்விரண்டும் ஆண்டுதோறும் கொம்பை உதிர்த்து முளைக்கச் செய்யும் உண்மையான மான்களல்ல, உதிராத கொம்புடைய இரலை இனத்தவை என்றாலும், வேட்டை நூல்கள் இவற்றை மான்களோடு சேர்த்தே பேசுகின்றன.

ஆகவே ஒரே மாகாணத்துக்குள் இரு வேறு தேவைகள் இருந்தன. காட்டுக்குள் சுடுபவருக்குக் கனமான, மெதுவாகச் செல்லும் குண்டு பொருந்தியது. வெளியில் சுடுபவருக்கு இலேசான, விரைந்து சென்று நேர்கோட்டிலிருந்து அதிகம் தாழாத குண்டு வேண்டியிருந்தது. கனமான குண்டு புதரைத் துளைத்துக்கொண்டு நேராகப் போகும் என்று அக்கால நூல்களில் காணப்படும் நம்பிக்கை முழுவதும் சரியன்று. சிறு கிளையில் பட்டாலும் எந்தக் குண்டும் திசைமாறும், அளவில்தான் வேறுபாடு.

தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளில் வாழும் தமிழருக்கு மிக அருகில் காட்டு மான்கள் திரியும் இடம் போரிவலியை ஒட்டிய சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவாகும். ஏறத்தாழ 104 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்தக் காட்டின் அமைப்பைக் கண்டவர்க்கு, கொங்கணப் பகுதி வேட்டைக்காரர் ஏன் நூறு மீட்டருக்கு அப்பால் சுடுவதைப் பற்றிக் கவலைப்படவில்லை என்பது எளிதில் விளங்கும்.

விலங்கின் உடல்

சுடும் தொலைவைத் தீர்மானிப்பது துப்பாக்கியின் வலிமை என்று எண்ணுவது பொதுவான பிழை. உண்மையில் அதைத் தீர்மானிப்பது இலக்கின் அளவு. முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே, மார்புக்கூட்டின் கீழ்ப்பாதியில் இதயமும் நுரையீரலும் அமைந்திருக்கும் பகுதியே விரைவான சாவைத் தரும் இடமாகும். 85 கிலோ எடையுள்ள ஆண் புள்ளிமானில் அப்பகுதி ஏறத்தாழ ஒரு சாண் அகலமுடையது. 250 கிலோவுக்கு மேலும் வளரும் ஆண் கடமானில் அது அதனினும் பெரிது. 20 கிலோவைச் சற்றே தாண்டும் கேளையாட்டில் உள்ளங்கையளவே. நின்றோ மரத்தில் சாய்ந்தோ, நடந்த களைப்போடு சுடும்போது ஒருவரது குண்டுகள் அனைத்தும் ஒரு சாண் வட்டத்துக்குள் விழும் தொலைவு எதுவோ அதுவே அவருடைய எல்லை. துப்பாக்கி அதற்கப்பால் எவ்வளவு தூரம் கொல்லும் என்பது அவருக்குப் பயனற்ற செய்தி. திறந்த குறிமுனையைக் கொண்டு சுடும் தேர்ந்த மனிதருக்கும் அது 100 மீட்டரைத் தாண்டுவது அரிது. நான்கு மடங்கு பெருக்கும் தொலைநோக்கி பொருத்தினால் அத்தொலைவு கூடலாம். ஆனால் தொலைநோக்கி கையின் நடுக்கத்தைக் குறைப்பதில்லை.

காட்டுப்பன்றியின் உடலமைப்பு வேறு. ஆண் பன்றியின் தோள்களின்மேல் தடித்துக் கெட்டியான தோற்படலம் கேடயம்போல் படிந்திருக்கிறது. முதுகெலும்பின்மேல் நெட்டுமயிர் சிலிர்த்து நிற்பதால் விலங்கு உண்மையினும் உயரமாகத் தோன்றுகிறது. அந்தத் தோற்றத்தை நம்பி உடலின் நடுவில் குறிவைப்பவரின் குண்டு நுரையீரலுக்கு மேலே சென்றுவிடும். முதுகெலும்பின் மேல்முனையை மட்டும் தொட்ட குண்டு பன்றியை அக்கணமே வீழ்த்தும்; செத்துவிட்டது என்று எண்ணி அருகில் செல்லும்போது அது எழுந்து பாயும் அல்லது ஓடி மறையும். பன்றியின் இதயம் மானினதைவிடத் தாழ்வாகவும் முன்னங்கால்களை நெருங்கியும் அமைந்திருப்பதால், கீழ் மூன்றில் ஒரு பங்கில் குறிவைக்க வேண்டும் என்பது அனுபவசாலிகள் எல்லாரும் ஒப்பும் விதி.

குண்டின் வகை

தோட்டா என்பது பித்தளை உறை, அதன் அடியில் அடிபட்டால் தீப்பற்றும் பொட்டு, உள்ளே வெடிமருந்து, வாயில் பொருந்திய குண்டு ஆகியவை சேர்ந்தது. வேட்டையில் முதலில் கவனிக்க வேண்டியது குண்டின் முனை. ஈயக் குண்டை முழுவதும் செம்புக் கலவைத் தகட்டால் மூடியது கெட்டிக் குண்டு. முனையில் மட்டும் ஈயத்தை மூடாமல் விட்டது மென்முனைக் குண்டு. கெட்டிக் குண்டு மானின் உடலைச் சிறு துளையிட்டு ஊடுருவிப் போய்விடுவதால் விலங்கு வெகுதூரம் ஓடிப் புதருக்குள் மெல்லச் சாகிறது; மென்முனைக் குண்டோ தசையில் பட்டதும் காளான்போல் விரிந்து தன் விசையை உள்ளேயே செலவிடுகிறது. இந்த விரியும் குண்டின் வரலாற்றில் இந்தியாவுக்குத் தனி இடமுண்டு: கல்கத்தாவை அடுத்த டம்டம் படைக்கலச் சாலையில் 1890களில் உருவான குண்டின் பெயரே உலகெங்கும் அவ்வகைக்கு வழங்கலாயிற்று. மனிதர்மீது அதைப் போரில் பயன்படுத்துவதை 1899ஆம் ஆண்டு ஹேக் பிரகடனம் தடைசெய்தது. வேட்டையில் நெறி இதற்கு நேர்மாறானது. இங்கிலாந்தின் 1991ஆம் ஆண்டு மான் சட்டம் ரைஃபிளால் மானைச் சுடுவதற்கு விரியும் குண்டையே கட்டாயமாக்குகிறது.

துப்பாக்கிகள்

ரைஃபிள் என்பது குழலின் உட்புறத்தில் திருகுபோலச் சுழன்று செல்லும் பள்ளங்களை உடைய துப்பாக்கி. அப்பள்ளங்கள் குண்டைச் சுழலச் செய்து அதன் போக்கை நிலைநிறுத்துகின்றன. பள்ளமில்லாத வழவழப்பான குழலுடையது ரவைத் துப்பாக்கி. 12 போர் என்ற அளவு, அக்குழலில் சரியாகப் பொருந்தும் ஈய உருண்டைகள் பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வரும் என்பதைக் குறிக்கிறது. இரண்டுக்கும் இடைப்பட்டதாக, குழலின் கடைசிச் சில அங்குலங்களில் மட்டும் பள்ளமிட்ட துப்பாக்கியை ஃபாஸ்பெரி என்னும் படை அதிகாரி 1885இல் வடிவமைத்தார். ஹாலந்து அண்டு ஹாலந்து நிறுவனம் அதைப் பாரடாக்ஸ் என்ற பெயரில் விற்றது. காலையில் காட்டுக்கோழியும் மாலையில் பன்றியும் சுடுபவருக்கு அது ஒன்றே போதுமானதாக இருந்ததால் இந்தியாவில் அதற்கு நல்ல மதிப்பு இருந்தது.

இங்கிலாந்தில் செய்யப்பட்ட துப்பாக்கிகள் பம்பாய்க்குக் கப்பலில் வந்தன. காலா கோடாவில் இன்றும் நிற்கும் ஆர்மி அண்டு நேவி கட்டடத்தில் இயங்கிய அங்காடி, விலைப்பட்டியலின் வழி வேட்டைக் கருவிகளையும் அதிகாரிகளுக்கு விற்றுவந்தது. 1890களின் இறுதியில் புகையில்லா மருந்து கருமருந்தின் இடத்தைப் பிடித்தபோது, .450 அங்குல இரட்டைக்குழல் ரைஃபிள் பெரிய விலங்குகளுக்குரிய பொதுக் கருவியாக உயர்ந்தது. ஆனால் அதே விட்டமுள்ள பழைய மார்ட்டினி ஹென்றி ராணுவத் துப்பாக்கிகள் ஆட்சிக்கு எதிரானவர்கள் கையிலும் இருந்தமையால், அந்த அளவு இந்தியாவுக்குள் வருவதை அரசு 1907ஐ ஒட்டித் தடுத்தது. உடனே இங்கிலாந்தின் துப்பாக்கி உற்பத்தியாளர்கள் .465, .470, .475 என்று சற்றே மாறிய அளவுகளை உருவாக்கினர். துப்பாக்கி வரலாற்றில் ஒரு நாட்டின் காவல் அச்சம் இத்தனை புதிய தோட்டாக்களைப் பிறப்பித்தது வேறெங்கும் அரிது.

இப்பெரிய ரைஃபிள்கள் மானுக்கோ பன்றிக்கோ தேவையற்றவை. அவற்றின் பின்னுதைப்புக்கு அஞ்சி விசையை அழுத்தும்போதே கண்ணை மூடிக்கொள்பவர் குறி தவறுவது உறுதி. சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைக் கொன்றதற்காக 1907இல் வேட்டைக்காரர் ஜிம் கார்பெட்டுக்கு அளிக்கப்பட்ட .275 ரிக்பி ரைஃபிள், 9 கிராம் குண்டை நொடிக்கு 800 மீட்டர் அளவில் செலுத்தும் இலேசான கருவி. மானுக்கு அதனினும் பொருத்தமானதைச் சொல்வது கடினம். தென்னிந்தியக் காடுகளில் வேட்டைக்காரர் கென்னத் ஆண்டர்சன் பயன்படுத்திய .405 வின்செஸ்டர் 19 கிராமுக்கு மேற்பட்ட மழுங்குமுனைக் குண்டை நொடிக்கு 670 மீட்டர் அளவில் செலுத்தியது. நெருங்கிய தொலைவில் பெரிய ஆண் பன்றிக்கு அது ஏற்றது.

இந்தியக் குடிமக்களின் ரைஃபிள் என்று சொல்லத்தக்கது .315 ஆகும். .303 போன்ற ராணுவத் தோட்டாக்களைக் குடிமக்கள் வைத்திருக்கத் தடை இருந்ததால், ஆஸ்திரிய மான்லிக்கர் ரைஃபிளின் 8 மில்லிமீட்டர் தோட்டாவை ஏற்கும் துப்பாக்கியை இங்கிலாந்தின் பி.எஸ்.ஏ. நிறுவனம் இந்தியச் சந்தைக்காகச் செய்தது. விடுதலைக்குப்பின் மேற்கு வங்கத்து ஈசாப்பூர் ரைஃபிள் ஆலை அதைத் தொடர்ந்தது. அதன் குண்டு ஏறத்தாழ 16 கிராம். வேகம் நொடிக்கு 600 மீட்டரைச் சற்றே மிஞ்சும். 100 மீட்டருக்குக் குறிமுனையைச் சரிசெய்தால், 150 மீட்டரில் குண்டு அரைச் சாணுக்கு மேல் தாழ்கிறது; 200 மீட்டரில் ஒரு சாணுக்கும் மேல். புள்ளிமானின் உயிர்நிலை ஒரு சாணே என்பதை இதனோடு பொருத்திப் பார்த்தால், .315க்கு 120 மீட்டரே நேர்மையான எல்லை என்பது தானே விளங்கும். 150 மீட்டருக்குச் சரிசெய்த .275 ரிக்பி 200 மீட்டரில் நான்கு விரற்கடை அளவே தாழ்வதால், தக்காண வெளிகளில் அதற்கு ஏற்றம் இருந்தது.

ஐரோப்பிய நாடுகள் இவ்வரையறைகளைச் சட்டமாகவே எழுதியுள்ளன. செர்மனியில் சிறிய ரோ மானுக்கு 100 மீட்டர் தொலைவில் குண்டு 1,000 ஜூல் ஆற்றலையாவது உடையதாக இருக்க வேண்டும். பன்றி உள்ளிட்ட பெரிய குளம்பு விலங்குகளுக்குக் குறைந்தது 6.5 மில்லிமீட்டர் விட்டமும் அதே தொலைவில் 2,000 ஜூல் ஆற்றலும் தேவை. .315 இந்த இரண்டாவது அளவையும் தொட்டுவிடும் தரத்தது.

ரவைத் துப்பாக்கியைப் பற்றி இங்கே எச்சரிக்கையோடு எழுத வேண்டியுள்ளது. ஓர் அவுன்சுக்கு ஆறு என்ற கணக்கிலமைந்த எல்.ஜி. ரவையும், எட்டு என்ற கணக்கிலமைந்த எஸ்.ஜி. ரவையும் இந்தியாவில் மான், பன்றிகள்மீது மிகுதியாகச் சுடப்பட்டன. 25 மீட்டருக்குள் அவை கொல்லும். 35 மீட்டருக்கு அப்பால் ரவைகள் விரிந்து பரவி, வயிற்றிலும் தொடையிலும் ஒன்றிரண்டு தைத்து, விலங்கைக் காயப்படுத்தி அனுப்பிவிடும். 12 போரில் ஒற்றை ஈய உருண்டையையோ திண்மக் குண்டையோ இட்டு 50 மீட்டருக்குள் சுடுவது இதனினும் மேலானது.

சுடும் முறைகள்

கொல்லையோரத்திலோ நீர்நிலையோரத்திலோ பரண் கட்டிக் காத்திருப்பது தொன்மையான முறை. தினைப்புனத்தில் பரண்மீதிருந்து கவண் வீசிக் காவல் காத்த மரபு சங்க இலக்கியத்திலேயே உண்டு. துப்பாக்கிக்கும் பரணுக்கும் உள்ள பொருத்தம் பாதுகாப்பைப் பற்றியது. ரைஃபிள் குண்டு தடையின்றிப் பறந்தால் மூன்று கிலோமீட்டருக்கு அப்பாலும் உயிரைப் பறிக்கும். ஐந்து மீட்டர் உயரத்திலிருந்து 30 மீட்டர் தொலைவில் கீழ்நோக்கிச் சுட்டாலோ விலங்கைத் தாண்டிய குண்டு உடனே மண்ணில் புதைந்துவிடும். ஊர்கள் நெருங்கிய நாட்டில் இதைவிடப் பெரிய நன்மை வேறில்லை.

மற்றொரு முறை, ஆட்கள் வரிசையாக ஒலியெழுப்பிக்கொண்டு காட்டைக் கலைத்து விலங்கைத் துப்பாக்கிக்காரர் பக்கம் விரட்டுவது. இதில் விலங்கு ஓடிக்கொண்டேயிருக்கும். பன்றி நொடிக்கு 10 மீட்டர் ஓடுகிறது என்று கொண்டால், .315 குண்டு 50 மீட்டரைக் கடப்பதற்குள் அது 80 செண்டிமீட்டருக்கு மேல் நகர்ந்திருக்கும். ஆகவே மார்பில் பட வேண்டுமானால் மூக்குக்கும் முன்னால் குறி வைக்க வேண்டும். இத்திறன் விளையாட்டாகவும் வளர்ந்தது. 1908 முதல் 1924 வரையும் பிறகு 1952, 1956 ஆண்டுகளிலும் ஓடும் மான் உருவைச் சுடும் போட்டி ஒலிம்பிக்கில் ஏறத்தாழ 100 மீட்டர் தொலைவில் நடந்தது. 1972 முதல் 1988 வரை ஓடும் பன்றி உருவை 50 மீட்டரில் சுட்டனர்.

சுட்டபின் செய்ய வேண்டியவையும் இவ்வறிவில் அடங்கும். விலங்கு உடனே விழாவிட்டால் அரைமணி நேரமாவது காத்திருந்து, அது நின்ற இடத்தில் தடயத்தைத் தேட வேண்டும். நுரைத்த வெளிர்சிவப்புக் குருதி நுரையீரலையும், கருஞ்சிவப்புக் குருதி கல்லீரலையும், பச்சை நிறம் கலந்த கசிவு இரைப்பையையும் காட்டும். இரைப்பையில் அடிபட்ட மானை உடனே துரத்தினால் அது கிலோமீட்டர் கணக்கில் ஓடும். விட்டுவைத்தால் அருகிலேயே படுத்துவிடும். காயம்பட்ட விலங்கைத் தேடிக் கண்டுபிடிப்பது சுட்டவரின் கடமை என்பதை அக்கால நெறி ஐயமின்றி ஏற்றிருந்தது.

பன்றியும் ஈட்டியும்

மாகாணத்தின் பெரும்பகுதியில் ஆங்கிலேயர் பன்றியைத் துப்பாக்கியால் சுடுவதை இழிவாகவே கருதினர். குதிரை ஓடக்கூடிய சமவெளிகளில் பன்றியை ஈட்டியால் மட்டுமே குத்த வேண்டும் என்பது எழுதாச் சட்டம். வங்காளத்தில் ஈயம் பொருத்திய குட்டை ஈட்டியை மேலிருந்து கீழாகக் குத்தினர். பம்பாய்ப் பக்கத்தில் நீண்ட மூங்கில் ஈட்டியைக் கைக்குக் கீழாகப் பிடித்துக் குதிரையின் வேகத்தாலேயே பாய்ச்சினர். பேடன்பவல் என்னும் படை அதிகாரி 1889இல் இவ்வேட்டை பற்றித் தனி நூலே எழுதினார். அதிகாரிகள் தம் விளையாட்டுக்காகச் சமவெளிப் பன்றிகளைக் காத்துவைத்ததால் ஏற்பட்ட பயிர்ச்சேதத்தைச் சுமந்தவர் உழவர். அவர்கள் சுடுவதைக் குற்றமாகப் பார்த்த அந்த மனநிலையில் நீதி இல்லை. குதிரை ஏறமுடியாத சகியாத்திரிச் சரிவுகளிலும் கொங்கணத்திலும் மட்டும் பன்றியைச் சுடுவது தவறாகக் கருதப்படவில்லை.

சட்டம்

1878ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம் துப்பாக்கிக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கிற்று. காட்டு விதிகள் வேட்டைத் தொகுதிகளையும் பருவத் தடையையும் எண்ணிக்கை வரம்பையும் வகுத்தன. இரண்டாம் உலகப் போருக்குப்பின் ஜீப்பும் ஒளிவிளக்கும் எளிதாகக் கிடைத்தபோது, இரவில் சாலையோரத்தில் கண்கூசி நிற்கும் மான்களைக் கூட்டமாகச் சுட்டுத் தள்ளும் கொடுமை பரவியது. தொலைவும் திறனும் தேவைப்படாத அது வேட்டையே அன்று. பம்பாய் மாநிலம் 1951இல் காட்டு விலங்குகள், காட்டுப் பறவைகள் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. 1972இல் நாடு முழுமைக்குமான சட்டம் வந்தது. சரணாலயத்திலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் துப்பாக்கி வைத்திருப்பவர் பெயரைப் பதிவுசெய்ய வேண்டும் என்றும் அது விதிக்கிறது.

அச்சட்டத்தின் 11ஆம் பிரிவு, உயிருக்கோ பயிருக்கோ கேடு விளைவிக்கும் விலங்கைக் கொல்ல அதிகாரிகள் ஆணையிட வழிவகுக்கிறது. 62ஆம் பிரிவின்கீழ் ஒன்றிய அரசு 2015, 2016 ஆண்டுகளில் பீகார், உத்தராகண்ட் மாநிலங்களில் காட்டுப்பன்றியைக் குறிப்பிட்ட காலத்துக்குத் தீங்குயிரியாக அறிவித்தது. கேரளம் 2022இல் உள்ளாட்சித் தலைவர்களுக்கே ஆணையிடும் அதிகாரம் அளித்து, உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரர்களைப் பயன்படுத்துகிறது. தமிழ்நாடு 2025இல் காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினரே சுடலாம் என்று முடிவு செய்தது. பயிற்சி பெற்றவரிடம் மட்டும் பணியை ஒப்படைப்பதால் தமிழ்நாட்டின் வழி பாதுகாப்பானது. உழவர் அழைக்கும் இரவில் ஆள் வந்து சேர்வதில் கேரளத்தின் வழி விரைவானது.

இச்சூழலில் படைக்கலச் சட்டத்தின் ஒரு கூறு கவனத்துக்குரியது. 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, பயிர்க்காவலுக்கு வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியையும், தற்காப்புக்கும் விளையாட்டுக்கும் 20 அங்குலத்துக்குக் குறையாத குழலுடைய ரவைத் துப்பாக்கியையும் பிற துப்பாக்கிகளினும் எளிதாக உரிமம் பெறத்தக்கவையாக வகுத்தது. பொது அமைதி நோக்கில் அது புரிந்துகொள்ளத்தக்கது. ஆனால் ஒருமுறை சுட்டபின் மீண்டும் கெட்டிக்கச் சில நிமிடங்கள் வேண்டிய நாட்டுத் துப்பாக்கி, தடித்த தோளுடைய ஆண் பன்றிக்கு எதிராக மிகப் பலவீனமான கருவி. அது காயப்படுத்திய பன்றி மறுநாள் காலை புல்லறுக்க வருபவர்மீது பாய்கிறது. பயிர்க்காவலுக்கு ஆணை வழங்கும் மாநிலங்கள் பரணும் 12 போரில் திண்மக் குண்டும் 40 மீட்டருக்கு உட்பட்ட தொலைவும் என்ற வரையறையை ஆணையிலேயே எழுதினால், விலங்கின் துன்பமும் மனிதர்க்கு நேரும் ஆபத்தும் ஒருசேரக் குறையும்.